பட்டனை அமுக்கினா தூக்கும்!

படகுக்குப் பூஜை போட்ட அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? ஸ்கூட்டருக்குப் போட்டிருப்பீர்கள், காருக்குப் போட்டிருப்பீர்கள். சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம் எல்லாம் படகுக்கும் அதேதான். கடைசியில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்களே, அங்கேதான் சிக்கல். படகுக்கு ஏது ஸார் சக்கரம்?

2024-ம் வருஷம் தை மாசம். புதுச்சேரியில் தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒரு போட் யார்டு. மரக்கட்டைகளின் மேல் 22 அடி ஃபைபர் போட் ஒன்று புது மாப்பிள்ளை மாதிரி மாலையோடு உட்கார்ந்திருந்தது. கையில் எலுமிச்சம்பழத்தோடு என் மாமியார். போட்டைச் சுற்றி இரண்டு தடவை வந்துவிட்டார். பழத்தை எங்கே வைப்பது என்று புரியவில்லை.

"கடல்ல வீசிடலாம் அத்தை" என்றார் ஒருவர்.

"நசுங்கணும்ப்பா. நசுங்கினாத்தான் திருஷ்டி கழியும்" என்றார் மாமியார்.

அடியேன்தான் வழி கண்டுபிடித்தேன். போட்டின் பின்பக்கம் மோட்டார் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே ஒரு பலகை, பலகை மேல் பழம். மோட்டாரை இறக்கினால் நசுங்கிவிட்டுப் போகிறது! எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். மாமனார் வீட்டில் இப்படிப்பட்ட பார்வை எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

ஆனால் இறக்குவதற்கு பட்டனை அமுக்க வேண்டும். பட்டனுக்கு கரென்ட் வேண்டும். பேட்டரி இன்னும் மாட்டவில்லை. யார்டில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், "சைடுல ஒரு திருகு இருக்கு சார். லூஸ் பண்ணினா கரென்ட் இல்லாமலே இறங்கும்" என்றான். பார்ட்னர் என்ற உரிமையில் ஸ்க்ரூ டிரைவரை நானே வாங்கிக்கொண்டேன். திருகு அசையவில்லை. டிரைவரின் கழுத்தில் ஒரு ஸ்பானரை மாட்டி முக்கினேன். அசைந்தது. சுற்றினேன், சுற்றினேன், "போதும் சார்" என்று பையன் கத்துகிற வரை சுற்றினேன். மோட்டார் மெதுவாகத் தலைகுனிந்து, கடைசியில் 'டொப்'பென்று உட்கார்ந்தது. பழம் சட்னி. ஒரே கைதட்டல். பிறகு திருகை என் பலம் கொண்ட மட்டும் இறுக்கி வைத்தேன். என் மச்சான் இதையெல்லாம் மொபைலில் வீடியோ எடுத்தான்.

பழத்தை இங்கேயே விட்டுவிட்டுக் கதைக்கு வருகிறேன்.

நான் பி.காம். விழுப்புரத்தில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். (இரண்டில் எதற்குக் கற்பனை அதிகம் வேண்டும் என்று கேட்காதீர்கள். தொழில் ரகசியம்.) மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கூரியர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கடலில் தூண்டில் போட ஆசைப்படும் ஆசாமிகளைக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் தொழிலில் இறங்கினான். சனி, ஞாயிறு ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஐ.டி. பையன்கள் மடக்குத் தூண்டிலும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்குகிறார்கள். மார்க்கெட்டில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் மீனை ஆறாயிரம் ரூபாய் செலவழித்துப் பிடிக்கிறார்கள். இது நல்ல தொழில் என்று எனக்கே தோன்றியது. போட்டும் மோட்டாரும் கொச்சிப் பக்கம் வாங்கிய செகண்ட்ஹேண்ட். என் பங்கு ஒன்றரை லட்சம். மாமியாரின் இரண்டு ஜோடி வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. மிச்சம் மச்சானின் சேமிப்பு.

மோட்டார் 60 குதிரை சக்தி. பின்பக்கப் பலகையில் வெளியே தொங்குகிற ரகம். அதனால்தான் அவுட்போர்டு. இந்த ரகத்தை வியாபாரமாக்கி ஜெயித்தவர் ஓலே எவின்ரூட் என்று நார்வேயில் பிறந்த அமெரிக்கர். 1909-ல் விற்க ஆரம்பித்தார். காதலி ஐஸ்கிரீம் கேட்டாளாம். ஏரிக்கு அந்தக் கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் அவுட்போர்டு மோட்டார் என்று கதை சொல்வார்கள். அந்தப் பெண்ணையே அவர் கட்டிக்கொண்டார் என்பதால் கதையை நம்பலாம்.

எவின்ரூட் காலத்து மோட்டாரைக் கையால் தூக்கலாம். எங்களுடையது நூறு கிலோவுக்கு மேல். அதனால் அதற்கு ஹைட்ராலிக் டில்ட். அதாவது, ஒரு குட்டி எலெக்ட்ரிக் மோட்டார் ஒரு பம்ப்பைச் சுற்றும். பம்ப் ஆயிலை ஒரு சிலிண்டருக்குள் தள்ளும். சிலிண்டரின் தண்டு நீண்டு பெரிய மோட்டாரைத் தூக்கும். பட்டனை அமுக்கினால் 'ஙொய்ய்ய்' என்று பக்தியோடு எழுந்து நிற்கும். கட்டைவிரலால் நூறு கிலோவைத் தூக்குகிற சுகம் இருக்கிறதே... முதல் வாரம் நானே இருபது தடவை அமுக்கிப் பார்த்தேன்.

இது வெறும் ஷோக்கு இல்லை. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடு போடுவது பழைய தலைவலி. தூர் வாருவார்கள், மறுபடி சேரும். உள்ளே வருகிற இடத்தில் சில நாள் இடுப்பளவுத் தண்ணீர்கூட இருக்காது. மோட்டாரைப் பாதி தூக்கி, விசிறி தண்ணீரை லேசாகப் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு நைஸாக நழுவி வர வேண்டும். கரையில் நிறுத்தும்போது முழுக்கத் தூக்கிவிட வேண்டும். உப்புத் தண்ணீரிலேயே விட்டால் சிப்பி ஒட்டும், துரு பிடிக்கும்.

மார்ச் மாசம் மச்சான் ஒருநாள் போனில், "மாமா, மோட்டார் தூக்கி நிறுத்தினா நிக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடுது" என்றான்.

"மறுபடி தூக்கு" என்றேன். இது என் முதல் தொழில்நுட்ப ஆலோசனை.

அப்படியே தூக்கித் தூக்கி இரண்டு வாரம் ஓட்டினான். மூன்றாவது ஞாயிறு, சென்னையிலிருந்து வந்த நாலு பேரோடு திரும்பி வரும்போது முகத்துவாரத்தில் மோட்டாரைப் பாதி தூக்கினான். ஓடும்போது விசிறி தள்ளுகிற வேகம் மோட்டாரைக் கீழ்ப்பக்கமாகத்தான் அமுக்கும். சும்மா நிற்கும்போதே இறங்குகிற மோட்டார் அந்த அமுக்கலில் என்ன ஆகும்? சத்தமில்லாமல் இறங்கி, அடியில் இருக்கும் மீன்துடுப்பு மாதிரித் தகடு மணலில் குத்தி, இன்ஜின் நின்றது. போட் குறுக்காகத் திரும்பியது. குறுக்காக நிற்கிற படகு அலைக்கு அல்வா. முதல் அலை ஆட்டியது. இரண்டாவது அலை உள்ளேயே வந்தது.

எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். பக்கத்தில் வந்த மீனவர் படகு ஒன்று கயிறு வீசி இழுத்துப் போட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஒரு ஐபோனும் இரண்டு தூண்டிலும் போயின. பையன்களில் ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. கரையில் வந்து அரைமணி நேரம் அவன் பேசவே இல்லையாம். மச்சான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இழுத்துப்போட்ட அண்ணன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, எனக்கு போன் செய்தான். குரல் நடுங்கியது.

மறுநாளே கிளம்பிப் போனேன். கணக்கு எழுதுகிறவன் களத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

"பேட்டரி வீக்கா இருந்தாத்தான் இப்படி" என்று கரையில் ஒருவர் சொன்னார். புது பேட்டரி வாங்கினேன். 6,800 ரூபாய். மோட்டார் பிரமாதமாக எழுந்தது. பிரமாதமாக இறங்கியது. "ரிலே போயிருக்கும்" என்றார் இன்னொருவர். அதுவும் மாற்றியாயிற்று, 1,900. "ஆயில் கம்மியா இருக்கும்" என்றார் மூன்றாமவர். இவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. ஆனால் எப்படித் திறப்பது என்று சொல்லவில்லை. மோட்டாரை முழுக்கத் தூக்கித் தாங்கியைப் போட்டுவிட்டுத்தான் ஆயில் மூடியைத் திறக்க வேண்டுமாம். நான் மோட்டார் இறங்கியிருக்கும்போது திறந்தேன். உள்ளே இருந்த அழுத்தத்தில் சிவப்பு ஆயில் என் வெள்ளைச் சட்டையில் ஹோலி கொண்டாடியது. தூரத்திலிருந்து பார்த்த மாமியார் ரத்தம் என்று நினைத்து அலறிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஒரு வொர்க்ஷாப்பில் காட்டினான் மச்சான். அவர்கள் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "டில்ட் யூனிட்டையே மாத்தணும். ஒண்ணே கால் லட்சம் ஆகும்" என்று வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். ஒன்றே கால் லட்சத்தைப் பார்த்ததும் என் மூளை கணக்குப் போட ஆரம்பித்தது. யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்கள் என்றால், இதில் யாருக்கு எவ்வளவு? இவனுக்கு எவ்வளவு? அன்று இரவு போனில் கேட்டேவிட்டேன். "வாங்கும்போதே பார்த்து வாங்கியிருக்க வேணாமா? இல்லே, பார்த்துத்தான் வாங்கினியா? வொர்க்ஷாப்காரன் உனக்கு என்ன தர்றான்? உங்க குடும்பத்துக்கே கணக்குன்னா ஆகாதே!"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி மாமா. வெச்சிடறேன்" என்றான்.

திரும்பினால் என் மனைவி. கையில் சப்பாத்திக் கட்டை. (பயப்படாதீர்கள், சப்பாத்திதான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.) ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஆறு நாளும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. கல்யாணமானவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய தண்டனை என்று.

ஏழாவது நாள் மச்சானிடமிருந்து இரண்டு வரி மெசேஜ். கடலூர் ஓ.டி. துறைமுகத்திலிருந்து ஒரு பெரியவர் வருகிறார், நாற்பது வருஷமாக படகு மோட்டார் பார்க்கிறவர். 'நீங்களும் வந்து நேர்ல பாருங்க மாமா.' அந்த 'நேர்ல'வில் ஒரு குத்தல் இருந்தது. போனேன்.

பெரியவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையிலிருந்து எதையும் எடுக்காமல், முதலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பிறகு கேள்வி கேட்டார், டாக்டர் மாதிரி.

"பட்டனை அமுக்கினா சத்தம் வருதா?"

"வருதுய்யா."

"தூக்குதா?"

"நல்லாத் தூக்குது."

"அப்புறம்?"

"நிக்க மாட்டேங்குது. இறங்கிடுது."

"தூக்குதுங்கறீங்க. அப்போ பேட்டரியை எதுக்குப்பா மாத்தினீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் புது பேட்டரியைப் பார்த்தேன்.

பெரியவர் பீடியை அணைத்தார். "கேட்டுக்குங்க சார். பட்டனை அமுக்கி சத்தமே இல்லேன்னா அது கரென்ட்டு வியாதி. பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், உப்புப் பூத்த ஒயர்னு தேடணும். 'டிக்'குனு ஒரு சத்தம் மட்டும் வந்து நின்னுட்டா ரிலே வேலை செய்யுது, குட்டி மோட்டார்தான் மண்டையைப் போட்டிருக்கு. மோட்டார் சுத்துது ஆனா தூக்கலேன்னா ஆயில் இல்லே, இல்லாட்டி காத்து பூந்திருக்கு, இல்லாட்டி திருகு திறந்து கிடக்கு. தூக்குது ஆனா நிக்கலேன்னா எங்கேயோ ஒழுகுது. வெளியே ஒழுகுதா, உள்ளே ஒழுகுதா, அவ்ளோதான். வியாதி என்னன்னு அதுவே சொல்லுது. நாமதான் கேக்கறதில்லே."

எனக்குச் சட்டென்று கல்லூரி ஞாபகம் வந்தது. டிரயல் பேலன்ஸ் இடிக்கும்போது எங்கள் புரொஃபசர் முதலில் புத்தகத்தைப் புரட்ட விடமாட்டார். எவ்வளவு இடிக்கிறது என்று கேட்பார். வித்தியாசம் 9-ஆல் மிச்சமில்லாமல் வகுபட்டால், பெரும்பாலும் 54-ஐ 45 என்று யாரோ மாற்றி எழுதியிருப்பார்கள். வித்தியாசம் இரட்டைப்படையா? அதில் பாதித் தொகையைத் தேடு, பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருப்பான் என்பார். இடிக்கிற தொகையே திருடனைக் காட்டிக் கொடுக்கும். இவ்வளவு தெரிந்த நான்தான் யார் யாரோ சொன்னதைக் கேட்டு பேட்டரி வாங்கினேன்.

பெரியவர் மோட்டாரை முழுக்கத் தூக்கி, தாங்கியைப் போட்டு, அது போதாதென்று ஒரு கட்டையையும் முட்டுக் கொடுத்தார். "இரும்பை நம்பலாம், ஆயிலை நம்பாதே. நூறு கிலோ கைமேல விழுந்தா கை இருக்காது" என்றார். ஆயில் மூடியைத் திறந்து விரலைவிட்டுப் பார்த்தார். சிவப்பு தெளிவாக இருந்தது. பால் கலந்த மாதிரி இருந்தால் கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தமாம். அளவு மட்டும் கொஞ்சம் குறைவு. (குறைந்தது என் சட்டையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.) ஊற்றிச் சரிசெய்தார். சிலிண்டர், பைப் எல்லாவற்றையும் வேஸ்ட் துணியால் சுத்தமாகத் துடைத்து, அன்றைய தினசரியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். தாங்கியை எடுத்துவிட்டு, மோட்டார் பாட்டுக்கு இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது மோட்டார் கீழே இறங்கியிருந்தது. காகிதம் காய்ந்தே இருந்தது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"உள்ளேதான் ஒழுகுது" என்றார்.

ஆயில் எங்கேயும் போகவில்லை. அழுத்தம் உள்ள அறையிலிருந்து அழுத்தம் இல்லாத அறைக்கு நைஸாக நழுவுகிறது, அவ்வளவுதான். கம்பெனிப் பணம் முதலாளியின் வீட்டுச் செலவுக்குப் போகிற மாதிரி. மொத்தத்தில் குறையாது. ஆனால் வேலைக்கு ஆகாது.

மூன்று பேர் மேல் சந்தேகம் என்றார். ஒன்று, சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சீல். இரண்டு, பம்ப்பில் ஆயிலைத் திரும்பவிடாமல் தடுக்கும் குட்டி வால்வு. மூன்று, கையால் இறக்குவதற்காகப் பக்கவாட்டில் இருக்கும் திருகு. "முதல் ரெண்டும் செலவு. அதனால மூணாவதுலேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நம்புங்கள்.

"சார் கணக்கு எழுதறவர்னு தம்பி சொல்லுச்சு. ஒரு நோட்டு எடுங்க" என்றார். பிராக்கெட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைக் கட்டினார். மோட்டாரை மறுபடி முழுக்கத் தூக்கி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எழுதச் சொன்னார். கீழே யாரும் போகக் கூடாது என்று கயிறு கட்டினார். வெயிலில் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மோட்டார் எனக்குப் புரிகிற பாஷையில் பேசியது. மேலிருந்து அடிவரை இறங்க 26 நிமிஷம்.

பெரியவர் திருகை ஒரு கால் சுற்று இறுக்கினார். மறுபடி தூக்கினார். மறுபடி எழுதினேன். இந்தத் தடவை 41 நிமிஷம்.

நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா? திருகைத் தொட்டா நேரம் மாறுது. சிலிண்டர் சீல்ல கோளாறுன்னா அது எதுக்குத் திருகு பேச்சைக் கேக்கப் போகுது? குத்தவாளி இவன்தான்."

மச்சான் என்னைப் பார்த்தான். ஒன்றே கால் லட்சம் எங்கள் இருவர் நடுவிலும் மெதுவாகக் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

மோட்டாரைத் தூக்கி, தாங்கி போட்டு, முட்டுக் கொடுத்து, பெரியவர் அந்தத் திருகை மெல்ல மெல்ல வெளியே எடுத்தார். நடுவில் ஒரு பூட்டு வளையம், அதைக் கழற்றினார். கடைசியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சமாசாரம் வெளியே வந்தது. அதில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று. ஓ-ரிங். கடித்துவைத்த கைமுறுக்கு மாதிரி ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. பிய்ந்த துணுக்கு உள்ளே வால்வு உட்காரும் இடத்தில் மாட்டிக்கொண்டு, அதை முழுதாக மூடவிடாமல் செய்திருக்கிறது.

பெரியவர் திருகின் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் நுழைகிற பள்ளத்தின் ஓரங்கள் நசுங்கிக் கிடந்தன.

"எவனோ மடையன் ஸ்பானர் போட்டுத் திருகியிருக்கான். நிக்கற இடம் தாண்டியும் திருகியிருக்கான். ரப்பர் அறுந்துட்டுது. அதுக்கப்புறம் பீமன் மாதிரி இறுக்கியிருக்கான். இதைத் திறந்தது யாருப்பா?"

ஸார், எலுமிச்சம்பழம் அந்த நிமிஷத்தில் என் கண் முன்னால் நசுங்கியது. கைதட்டல் சத்தம்கூடக் கேட்டது. எனக்கு வாயைத் திறக்க வேண்டும் போல இருந்தது. நாக்கு பிஸ்டன் சீல் மாதிரி ஒட்டிக்கொண்டது.

மச்சான் சொன்னான்: "வாங்கும்போதே அப்படித்தான்யா இருந்திருக்கும். செகண்ட்ஹேண்ட்தானே... கொச்சியில எவன் கை வெச்சானோ."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. ஆயில் டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஓ-ரிங் நான் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டேன். அங்கே நிற்க முடியவில்லை. பேரிங், ஆயில் சீல் விற்கிற கடையில் பழைய வளையத்தைக் காட்டினேன். கடைக்காரர் அதன் கனத்தை வெர்னியரில் பிடித்து அளந்துவிட்டு, "ஆயிலுக்கா, தண்ணிக்கா?" என்றார். ஆயிலைத் தாங்குகிற ரப்பர் வேறாம். சாதா ரப்பர் ஊறி உப்பிவிடுமாம். ஒன்று 12 ரூபாய். நாலு வாங்கினேன். 48 ரூபாய். ஜிபே செய்துவிட்டு, கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

பெரியவர் திருகின் முனையைத் துடைத்துப் பளபளப்பாக்கி, பள்ளத்தை அரத்தால் சரிசெய்து, புது வளையத்தில் அதே ஆயிலை ஒரு சொட்டுத் தடவி, கையாலேயே உள்ளே விட்டார். கடைசிச் சுற்று மட்டும்தான் ஸ்க்ரூ டிரைவர். "நின்னுட்டா நின்னுடணும். அதுக்கு மேல முறுக்கக் கூடாது" என்றார். ஆயில் ஊற்றி, ஐந்தாறு முறை முழுக்க ஏற்றி இறக்கினார். உள்ளே புகுந்த காற்று வெளியே போவதற்காக. ஆயிலை அமுக்கினால் அது சுருங்காது, கொடுத்த அழுத்தத்தை அப்படியே எல்லாப் பக்கமும் கடத்தும். காற்று ஸ்பான்ஜ் மாதிரி சுருங்கிவிடும்.

இது பாஸ்கல் விதி. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ நெட்டுருப் போட்டிருப்பீர்கள். அந்த பிரெஞ்சுக்காரர் பாஸ்கலைப் பற்றி எங்கள் காமர்ஸ்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அவருடைய அப்பா வரி அதிகாரி. ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டு அல்லாடிய அப்பாவுக்காக, 1642-ல், பத்தொன்பது வயசில், கூட்டல் மெஷின் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். அப்பாவின் கணக்கைத் திருத்த மெஷின் செய்த பிள்ளை அவர். மச்சானின் கணக்கில் சந்தேகப்பட்டு, மெஷினைக் கெடுத்தவன் நான்.

ராத்திரி முழுக்கத் தூக்கி வைத்துப் பார்த்தால்தான் உறுதி என்றார் பெரியவர். சாக்பீஸ் கோடு போட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தார். கூலி 2,500. பஸ் செலவுக்கு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

அன்று இரவு மாமியார் வீட்டில் தங்கல். வஞ்சிர மீன் குழம்பு. மாமியார் பரிமாறியபோது கையைப் பார்த்தேன். கண்ணாடி வளையல்கள்தான் இருந்தன. "இன்னும் ஒரு துண்டு போட்டுக்குங்க மாப்ளே" என்றார். தொண்டையில் இறங்கவில்லை. மொட்டை மாடியில் மச்சானும் நானும் பக்கத்துப் பக்கத்தில் படுத்தோம். நாலு தடவை ஆரம்பித்தேன்.

"மச்சான்..."

"சொல்லுங்க மாமா."

"ஒண்ணுமில்லே. கொசு."

ஐந்தரை மணிக்கே இரண்டு பேரும் யார்டுக்குப் போனோம். இருட்டு இன்னும் முழுக்கப் பிரியவில்லை. மச்சான் மொபைல் டார்ச்சை அடித்தான். சாக்பீஸ் கோடு இருந்த இடத்திலேயே மோட்டார் இருந்தது. நான் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட இறங்கவில்லை. மச்சான் மோட்டாரின் மண்டையை ஆட்டுக்குட்டியைத் தடவுகிற மாதிரி ஒரு தடவு தடவினான்.

பஸ் ஸ்டாண்டில் பைக்கிலிருந்து இறங்கினதும் எப்படியோ தைரியம் வந்துவிட்டது. "அன்னைக்கு போன்ல நான் பேசினது தப்பு மச்சான். அந்தத் திருகும்..."

"விழுப்புரம் பஸ் கிளம்பிடுச்சு மாமா. ஓடுங்க."

ஓடினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும், எலுமிச்சம்பழம் உட்பட, சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவன்கிட்ட சொன்னீங்களா?" என்றாள். பஸ் கதையைச் சொன்னேன். "பஸ்ஸு பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்கு" என்றாள். ஆனாலும் ஏழு நாளைக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அன்று மாலையே போன் போட்டு முழுசாகச் சொன்னேன். அவன் "சரி விடுங்க மாமா" என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேட்டரி, ரிலே, 48 ரூபாய் ஓ-ரிங் எல்லாவற்றையும் கணக்கில் என் சொந்தச் செலவாக எழுதிக்கொண்டேன். சட்டையை எழுதவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை. அதற்குள் மாமியாரின் ஒரு ஜோடி வளையல் வீட்டுக்கு வந்துவிட்டது. மாலை, சந்தனம், கற்பூரம் எல்லாம் ஆனது. மாமியார் எலுமிச்சம்பழத்தைப் பலகையில் வைத்தார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா, பட்டனை நீங்களே அமுக்குங்க" என்றான் மச்சான்.

அமுக்கினேன். 'ஙொய்ய்ய்'. பழம் நசுங்கியது. கைதட்டினார்கள். பிறகுதான் கவனித்தேன். பக்கவாட்டில், அந்தத் திருகு இருக்கிற இடத்தில், சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. அதன்மேல் மார்க்கர் பேனாவில் குண்டு குண்டாக எழுதியிருந்தது: 'பார்ட்னர்கள் தொடக் கூடாது.'

"இதை எப்போ மச்சான் ஒட்டினே?"

"அதுவா? வாங்கும்போதே இருந்துச்சு மாமா."